கல்லை எந்தப் பக்கம் வைப்பது

“கார் ஓட்டத் தெரியாதுங்கறீங்க. அப்புறம் கார் நிறுத்தற எடத்துக்கு சூப்பர்வைசரா வந்து என்னங்க அம்மணி பண்ணப் போறீங்க?”

ஊட்டியில் ஒரு தனியார் பார்க்கிங்கில் வேலை கேட்டுப் போன அன்று மேனேஜர் சதாசிவம் சார் கேட்ட கேள்வி இது. அவர் கோயம்புத்தூர்க்காரர். அங்கே மால், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று பல இடங்களில் பார்க்கிங் நடத்திவிட்டு மலைக்கு வந்தவர். என் சிவில் டிப்ளமோ சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். டிரைவிங் தெரியும் என்று அங்கேயாவது எழுதியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

“ஓட்டறவங்க ஓட்டிட்டு வந்துருவாங்க சார். எங்க நிறுத்தணும்னு சொல்றதுக்குத்தான ஆள் கேட்டிருக்கீங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலை கொடுத்தார்.

எங்கள் வீடு ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில். அப்பா கேரட் கழுவும் இடத்தில் மூட்டை தூக்குகிறார். அம்மா பிறர் தோட்டத்தில் கேரட் பிடுங்கப் போகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துவிட்டு அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். அதனால் கம்பெனி கொடுத்த ஐ.டி. கார்டைக் கோட்டுக்கு வெளியே தெரியும்படிதான் மாட்டிக்கொள்வேன். பஸ்ஸில் ஏறும்போதும் கழற்றுவதில்லை. பாலிடெக்னிக்கில் எனக்கு அடுத்த வருடம் படித்தவர்கள், “சிவில் முடிச்சுட்டு பார்க்கிங்லயா அக்கா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதிலாக எழுத உட்கார்ந்தேன். முடிக்கும்போது இது பதிலா, இன்னொரு கேள்வியா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

1. சமதளத்தின் விலை

முதல் வாரத்தில் எனக்குப் பிடிபடாத விஷயம், எல்லோரும் ஏன் என்னிடம் கோபப்படுகிறார்கள் என்பது. கார் உள்ளே வரும். கண்ணாடி இறங்கும். ரேட் சொல்வேன். அவ்வளவுதான்.

“ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோவா? சென்னையில மால்லகூட இப்டி வாங்க மாட்டாங்க” என்று ஒருவர் கத்தினார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி, “அப்ப மால்லயே போய் நிறுத்திட்டு வாங்க. நாங்க இங்க நிக்கறோம்” என்றார். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

இன்னொருவர், “இ-பாஸ் எடுத்துட்டுத்தாங்க மலை ஏறினோம். அதுல பார்க்கிங் வராதா?” என்று கேட்டார். வராது என்றதும், ஊரையே நான் வாடகைக்கு விட்டுவிட்டதைப் போல என்னைப் பார்த்தார்.

எனக்கும் ஆரம்பத்தில் அந்த ரேட் அநியாயமாகத்தான் தெரிந்தது. நாள் ஆக ஆகக் கணக்கு புரிந்தது. மலையில் மண் எங்கேயும் கிடக்கிறது. கார் நிற்கிற மாதிரியான சமதளம்தான் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் கொட்டி, இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் எழுப்பினால்தான் நாலு கார் நிற்கும். அந்தச் சுவர்களுக்கும் சேர்த்துத்தான் சென்னைக்காரர் பணம் கொடுக்கிறார். அதைக் கார் ஜன்னல் வழியாக விளக்கிச் சொல்ல நேரம் இருக்காது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

எங்கள் இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீளவாக்கில் ஒரு ஜல்லித் தரை. ஒரு முனையில் கேட், அதற்கு வெளியே ரோடு. மறு முனையில் இடுப்புயரச் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆள் உயரப் பள்ளம். பள்ளத்தில் ரோஸ்லின் அக்காவின் செடிக் கடை. ரோஜா, ஜெரேனியம், பியூஷியா என்று கறுப்புக் கவரில் நாற்று வைத்து விற்பார். இடது பக்கம் முழுக்க மலையை வெட்டிய கரை, அதைத் தாங்கும் நீளமான கருங்கல் சுவர். முதல் வரிசைக் கார்கள் அந்த நீளச் சுவரைப் பார்த்து மூக்கை வைத்து நிற்கும்.

தரை கேட்டிலிருந்து கடைசிச் சுவர் வரை லேசாக மேடாகப் போகும். மேனேஜர் அப்படித்தான் சொன்னார். வாட்ச்மேன் அப்படித்தான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

2. நியூட்ரல்

சதாசிவம் சார் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த ஏற்பாடு இரண்டாவது வரிசை. முதல் வரிசைக்குப் பின்னால், குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகக் கார்களை நிறுத்துவது. எல்லாம் கடைசிச் சுவரைப் பார்த்து நிற்கும். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, கியரும் போடக் கூடாது, நியூட்ரலில் விட்டுவிட வேண்டும். முதல் வரிசையில் ஒரு கார் வெளியே போக வேண்டுமென்றால், குறுக்கே நிற்கும் காரைக் கையால் முன்னே பின்னே தள்ளி வழி விடுவோம். சாவி வாங்க வேண்டாம், டிரைவர் வேண்டாம். சமவெளி நகரங்களில் இது சாதாரணம். அங்கிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டாவது வரிசையைப் பார்த்ததும் தாங்களே ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போவார்கள்.

உள்ளூர் டிரைவர்களிடம்தான் சண்டை. மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கியரில் போட்டு, டயருக்கு ஒரு கல்லும் வைக்காமல் டீ குடிக்கப் போக மாட்டார்கள்.

“நியூட்ரல்ல விடச் சொல்றீங்களே, இது என்ன தொட்டிலுங்களா?” என்று ஒரு டாக்ஸிக்காரர் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எங்களிடம் கார் தள்ளும் வேலையில் இருந்தவர் மணி அண்ணன். மஞ்சூர் ரோட்டில் தேயிலை லாரி ஓட்டியவர். முதுகு கெட்டுப்போய் லாரியிலிருந்து இறங்கியவர். முதுகைப் பயன்படுத்தாமல் வலது தோளை மட்டும் கொடுத்துக் காரை நகர்த்துவார். ஒரே உந்து. கொஞ்சம் முரட்டுத்தனம்தான். என்னை “சூப்பர்வைசரம்மா” என்று கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எது எந்தப் பாதி என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

நியூட்ரல் அவருக்கும் பிடிக்கவில்லை. “சரிங்க சார், நியூட்ரல்ல விடுங்க. கல்லாவது வெச்சுக்கறேன்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். இரண்டாவது வரிசையில் ஒவ்வொரு காருக்கும் பின் டயருக்குப் பின்னால், அதாவது கேட் பக்கமாக, ஒரு கல்லை வைத்து பூட்ஸ் காலால் உதைத்து இறுக்குவார். தள்ளும்போது எடுப்பார், பிறகு திரும்ப வைப்பார். மேட்டைப் பார்த்து நிற்கிற கார் பின்னால்தானே உருளும்? ரோட்டுக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் அந்தக் கல். அந்தப் பக்கம் வைப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மலையில் பிறந்த எங்களுக்கு ஏற்ற இறக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நானும் நினைத்திருந்தேன்.

3. ஏறிய கார்

தொடர் விடுமுறையின் நடுநாள். மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. இரண்டு வரிசையும் நிரம்பி, கேட்டில் “ஃபுல்” போர்டு மாட்டியிருந்தேன். இரண்டாவது வரிசையில் கடைசியாக, சுவருக்கு மிக அருகில் இருந்தது ஒரு வெள்ளை ஏழு சீட்டு வண்டி. சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு கார் நீளத்துக்கு இடம் விட்டிருந்தோம். அந்தக் குடும்பம் திரும்பி வந்து டிக்கியைத் திறந்து ஸ்வெட்டர்களை எடுத்துக்கொண்டு, டிக்கியை அறைந்து சாத்திவிட்டு மறுபடியும் போனது. மணி அண்ணன் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

நான் கேட் பக்கம் திரும்பினேன். பின்னால் ‘டொம்’ என்று ஒரு சத்தம். அப்புறம் கீழேயிருந்து ரோஸ்லின் அக்காவின் குரல்.

“யாருடா அது, மேலருந்து கல்லத் தூக்கிப் போடறது? மனுஷி இருக்கறது தெரியலையா?”

வெள்ளைக் காரின் மூக்கு சுவரில் இருந்தது. சுவரின் மேல் கல் ஒன்று பெயர்ந்து, ரோஜா நாற்றுகளின் நடுவில் கிடந்தது. பக்கத்தில் ரோஸ்லின் அக்காவின் ஸ்டூல். ஒரு கஸ்டமருக்கு ஜெரேனியம் எடுத்துக் கொடுக்க எழுந்ததால் அவர் அதில் இல்லை.

கார்க்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் சதாசிவம் சாரின் முகம் பனியைவிட வெளுத்துவிட்டது. ஆபீஸ் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டார்.

“ஏத்தத்துல ஒரு கார் தானா ஏறுமா அம்மணி?”

“ஏறாதுங்க சார்.”

“அப்ப யாரோ தள்ளியிருக்கோணும். பக்கத்துல இருந்தது யாரு?”

என் கண் கதவுக்கு வெளியே நின்ற மணி அண்ணன்மேல் போனது.

“மணிதான? ஏதோ வேகத்துல ஒரு உந்து உந்தியிருப்பான். கீழ அந்தம்மா தலையில விழுந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்? நீங்கதான சூப்பர்வைசர். நாளையிலிருந்து வர வேண்டாம்னு சாயங்காலம் நீங்களே சொல்லிருங்க.”

வெளியே வந்து மணி அண்ணனிடம் கேட்டேன்.

“நான் தொடல மேடம்” என்றார். சூப்பர்வைசரம்மா என்று சொல்லவில்லை. “ஒரு கையில பஜ்ஜி, ஒரு கையில பேப்பர். எந்தக் கையில தள்ளறது?”

“நீங்க தோள்லதானண்ணா தள்ளுவீங்க.”

சொன்னபிறகுதான் அது எவ்வளவு மோசமான பேச்சு என்று எனக்குத் தெரிந்தது. அவர் பஜ்ஜி பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். “இந்த முதுக வெச்சுக்கிட்டு இனி லாரி ஏற முடியாது மேடம். அதத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கார் மேட்டில் தானாக ஏறாது. இரண்டும் உண்மை என்றால் சுவரில் இடித்தது எப்படி?

4. கல்லுக்கும் டயருக்கும் நடுவில்

யோசிப்பதற்காக இரண்டாவது வரிசையை ஒட்டி நடந்தேன். கேட் பக்கம் நின்ற காரின் பின் டயரைத் தற்செயலாகப் பார்த்தேன். கல் இருந்தது. காலையில் மணி அண்ணன் அதை உதைத்து இறுக்கியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். இப்போது கல்லுக்கும் டயருக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழைந்தது.

யாரோ கல்லை நகர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த காரைப் பார்த்தேன். அங்கே இரண்டு விரல் இடைவெளி. அதற்கடுத்த காரில் முழுக் கை. ஒன்றிரண்டு கார்களில் மட்டும் கல் ஒட்டியிருந்தது. கார் பின்னால் உருளப் பார்த்திருந்தால் டயர் கல்லின்மேல் அழுந்தி நின்றிருக்க வேண்டும். இவையெல்லாம் கல்லை விட்டு விலகி, சுவரைப் பார்த்து, மேட்டைப் பார்த்து நகர்ந்திருக்கின்றன.

நிமிர்ந்து தரையைப் பார்த்தேன். மேடுதான். சந்தேகமே இல்லை. குனிந்து கல்லைப் பார்த்தேன். அதிலும் சந்தேகமில்லை. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஜல்லித் தரை, விழுந்த இடத்திலேயே குடித்துவிடும்.

படிப்பில் லெவல் எடுப்பது சொல்லித் தந்திருந்தார்கள். கருவி இல்லை. ஆனால் கொத்தனார்கள் டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, அதற்கு ஒரு நீளக் குழாய் போதும். நீளக் குழாய் வைத்திருப்பவர் கீழேதான் இருந்தார்.

“என் செடிமேல கல்லையும் போட்டுட்டு, இப்ப ஓஸும் வேணுமா?” என்றார் ரோஸ்லின் அக்கா.

“கல் ஏன் விழுந்துச்சுன்னு பாக்கத்தாங்க்கா.”

“அதுக்கு மேல பாக்கோணும். என் ஓஸ்ல என்ன இருக்கு?” என்று சொல்லிக்கொண்டே சுருட்டி மேலே எறிந்தார்.

ஓஸ் பச்சை நிறம். உள்ளே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியாது. இரண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி ஏதாவது வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு எங்கள் மாவட்டத்தில் தடை. ஆனால் டூரிஸ்ட் கார்களின் சீட்டுக்கு அடியில் அது இல்லாமல் இருக்காது. இரண்டு பாட்டில் கேட்டு வாங்கி, அடியை வெட்டி, கழுத்துக்குள் ஓஸ் முனையைத் திணித்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டச் சொன்னேன். கட்டியது மணி அண்ணன்தான். எதற்கென்று கேட்கவில்லை.

தண்ணீர் ஊற்றினோம். கேட் பக்கம் நான் பிடித்தேன், சுவர்ப்பக்கம் அவர். தண்ணீர் ஆடி, ஆடி, நின்றது. என் பக்கத்தில் அது என் முழங்கால் உயரத்தில் நின்றது.

“அண்ணா, உங்க பக்கம்?”

“தொடை கிட்ட நிக்குது மேடம்.”

“சரியாப் பாருங்க.”

“தொடைதான். எனக்குத் தொடை தெரியாதா?”

என் முனையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அங்கே அது தரையிலிருந்து அதிக உயரத்தில் இருக்கிறதென்றால், அங்கே தரை தாழ்ந்திருக்கிறது. மேடு என்று எல்லோரும் சொன்ன முனை பள்ளம். முனைகளை மாற்றிப் பிடித்தோம். அதே விடை.

சதாசிவம் சார் வந்தார். “ஓஸுக்குள்ள காத்து அடைச்சிருக்கும்” என்றார். நியாயமான சந்தேகம். தண்ணீரைக் கொட்டிவிட்டு, குமிழி போகத் தட்டித் தட்டி மறுபடியும் ஊற்றினோம். இந்த முறை அவரே இரண்டு முனைக்கும் நடந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் குனிந்தே இருந்தார்.

“கண்ணுக்கு மேடாத்தானுங்க தெரியுது” என்றார். என்னிடம் அவர் பேசியதிலேயே குரல் தாழ்ந்த பேச்சு அது.

“எனக்கும் அப்படித்தான் சார் தெரியுது.”

காரணம் பிறகு பிடிபட்டது. இடது பக்க நீளச் சுவர் கேட் அருகே உயரமாகவும், போகப் போகக் குட்டையாகவும் கட்டப்பட்டிருக்கிறது. சுவரின் தலையை மட்டம் என்று கண் எடுத்துக்கொள்கிறது. சுவர் குறையக் குறையத் தரைதான் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்கிறது. செங்குத்தான ரோட்டில் ஏறி இறங்கியே பழகிய எங்களுக்கு இவ்வளவு லேசான சரிவு காலுக்கும் உறைக்காது. நியூட்ரலில் நிற்கிற கார், டிக்கியை அறைந்து சாத்தினால் போதும், தானே கிளம்பிவிடும். நாங்கள் எல்லாக் காருக்கும் கல்லைத் தவறான பக்கத்தில் வைத்து, அதை உதைத்து வேறு இறுக்கியிருக்கிறோம்.

மணி அண்ணனுக்கு வேலை போகவில்லை. அன்று சாயங்காலம் பைப்பைச் சுருட்டிக்கொண்டே அவர் கேட்டார்: “நான் தள்ளலைன்னு நீங்க எப்ப நம்புனீங்க மேடம்? நான் சொன்னப்பவா, தண்ணி சொன்னப்பவா?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓஸைக் கொடுக்கக் கீழே போய்விட்டார். அந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

5. அதற்குப் பிறகு

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சதாசிவம் சார், “கல்ல அந்தப் பக்கம் மாத்தி வெச்சாச்சில்ல? அப்புறமென்ன, ஓட்டுங்க” என்றார்.

“தள்ளறப்ப கல்ல எடுக்கோணுமே சார். அந்த ஒரு நிமிஷம் போதுமே.”

“ரெண்டாவது வரிசை இல்லீன்னா இந்த எடத்துக்கு வாடகை கட்ட முடியாதுங்க அம்மணி. ரேட்ட ஏத்தினா ஆளுக உங்களைத்தான் திட்டுவாங்க.”

அவர் சொன்னதும் பொய் இல்லை. அதுதான் என் குழப்பம். கீழே இருப்பது ரோஸ்லின் அக்காவின் தலை. மேலே இருப்பது எங்கள் எல்லோருடைய சம்பளம். கடைசிச் சுவரை ஒட்டி இரண்டு கார் இடத்தைக் கயிறு கட்டி மூடினேன். அவர் பார்த்தார், அவிழ்க்கச் சொல்லவில்லை. ஆனால் கயிறு காரை நிறுத்தாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வேறு ஒரு வழி உண்டு. இரண்டாவது வரிசைக் கார்களைக் கியரில், ஹேண்ட் பிரேக்கோடு நிறுத்துவது. சாவிக்கு டோக்கன் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வது. வழி வேண்டும்போது தள்ளாமல், ஓட்டி நகர்த்துவது. இதைச் சொன்னேன்.

“ஓட்டறதுக்கு மணி ஒருத்தன் இருக்கான். அவன் முதுகோட எத்தனை வண்டி ஏறி எறங்குவான்? இன்னொரு டிரைவர் சம்பளத்துக்கு நான் எங்க போறது?” என்றார். பிறகு, வேலைக்கு எடுத்த அன்று பார்த்த அதே பார்வை. “நீங்க ஓட்டுவீங்களா?”

என் ஜூனியர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நீங்கள் நினைக்கிற விஷயத்தைத்தான் முதலில் அளந்து பாருங்கள். அளந்த பிறகும் கண் பழைய விடையையே சொல்லும். இன்று காலையும் கேட்டில் நின்று பார்த்தேன். அந்தத் தரை எனக்கு இன்னும் மேடாகத்தான் தெரிகிறது.

சாரின் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எல்.எல்.ஆர். வாங்கிவிட்டு, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். வேலைக்குப் போவதற்கு முன் காலையில் கிளாஸ். மைதானத்தில் சுற்றியது போதும் என்று நேற்று மாஸ்டர் முதல்முறையாக ரோட்டுக்குக் கூட்டிப்போனார். ஒரு வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

“இது ஏத்தமுங்க. கிளட்ச்ச பாதி விட்டு, வண்டி அதிரும்போதுதான் பிரேக்க எடுக்கோணும்.”

நான் நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மெல்ல விட்டேன்.

“ஏனுங்க, பிரேக்க ஏனுங்க விட்டீங்க!” மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கிவிட்டார்.

“ஏத்தமான்னு பாத்தேனுங்க.”

“கண்ணுக்குத் தெரியலீங்களா?”

“தெரியுதுங்க. அதனாலதான் பாத்தேன்.”

வண்டி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு பின்பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. ஏற்றம்தான். பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியர் போட்டேன்.